பெட்டி விழுங்கிய பெயர்

"படு! தலையைத் தூக்காதை!"

தம்பி தவம் கத்துகிறான். பங்கர் குழிக்குள் மண் கொட்டுகிறது. முதலில் 'டும்'. ஷெல் புறப்படுகிறது. பிறகு கூவிக்கொண்டு வரும். கூவல் நின்றால் விழப்போகிறது. நாங்கள் காதால் பிழைத்தவர்கள். அன்று அம்மா பிழைக்கவில்லை. நானும் தவமும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். எனக்கு இந்தியாவுக்குப் படகு கிடைத்தது.

1999. புனே, ஹடப்சர். என்னைக் கட்டிக்கொண்டவர் திருநெல்வேலிக்காரர், செல்வம். தொழிற்சாலையில் வயர்லெஸ் பழுதுபார்க்கிறவர். மாலையில் சிற்றலை வானொலியில் இடம்பெயர்ந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். எங்கே இருக்கிறார்கள், யாரைத் தேடுகிறார்கள் என்று. தவம் இருக்கும் இடம் தெரிந்தால் கூப்பிட்டுக்கொள்ளலாம். அதற்காகவே கேட்டேன். பக்கத்துப் பட்டறைகளில் மெஷின் ஓடும்போதெல்லாம் வானொலி பொரியும். ஒவ்வொரு பொரிவுக்கும் என் உடம்பு தூக்கிப்போடும்.

அவருக்குப் பொறுக்கவில்லை. இரைச்சலை நீக்கும் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினார்.

"ஏட்டி, இனி நடுங்காண்டாம். கேட்டுப் பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு."

சுத்தமாகத்தான் இருந்தது. பலமாக வரும் நிலையங்கள் பளிச்சென்று கேட்டன. எங்கள் நிலையம் தொலைவில் இருந்தது. குரல் நலிந்தால் பெட்டிக்கு அதுவும் இரைச்சல்தான். சேர்த்து வழித்துவிடும். நடுநடுவே அமைதி. வாசிப்பவர் மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தோம். நான் நன்றாகத் தூங்கினேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு திருச்சி அகதி முகாமிலிருந்து சித்தி போன் செய்தார். அவரிடம் இருப்பது பொரிகிற பழைய டிரான்சிஸ்டர்.

"தவத்தின்ரை பேரைப் பத்து நாளா வாசிக்கிறாங்கள் பிள்ளை. இடம்பெயர்ந்தாக்களோடை பள்ளிக்கூடத்திலை இருக்கிறானாம். அக்காவைத் தேடுறானாம். நீ கேக்கேல்லையோ?"

செல்வம் பெட்டியைக் கழற்றினார். இரைச்சல் திரும்பி வந்தது. அதற்குள் சன்னமாக, விடாமல், பெயர்கள். அமைதி என்று நினைத்த இடமெல்லாம் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். சித்தி சொன்ன பள்ளிக்கூடமும் மறுநாள் வந்தது. செய்தியில். ஷெல் விழுந்த இடமாக. இறந்தவர்களில் தவம் இருந்ததைச் சித்திதான் பிறகு விசாரித்துச் சொன்னார்.

செல்வம் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவர்மேல் கோபமும் வரவில்லை. அடுப்பில் சோறு இருந்தது, இறக்கி வைத்தேன்.

என் பக்க இழப்புக் கணக்கு: அம்மா, தவம், ஒரு வீடு. அந்த அமைதிகளில் போன மற்றப் பெயர்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. இதேபோலப் பெட்டி மாட்டி அவர்களைத் தேடியவர்களுக்கும் தெரியாது.