தேர் நாளில் கார் வராது

பெயர்: இளமதி. வயது: 16. தகப்பனார்: ஜெயப்பிரகாஷ், ஆட்டோ ஓட்டுநர். முகவரி: மாரியம்மன் கோயில் தெரு, அண்ணாமலை நகர், சிதம்பரம்.

நான் மேற்படி முகவரியில் பெற்றோருடன் வசிக்கிறேன். பதினோராம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வீட்டில், என் தாயார் வினோதினி அருகில் இருக்க, பெண் உதவி ஆய்வாளர் கேட்டுக்கொண்டபடி இதை என் கைப்பட எழுதித் தருகிறேன்.

கீழ வீதி முனையில் டிராவல்ஸ் நடத்தும் அன்பரசு என்பவரின் போர்டில், "பாண்டிச்சேரி ஏர்போர்ட்டுக்கு எந்த நாளும் லாட்ஜ் வாசலில் கார்" என்று இருக்கிறது. எங்கள் ஊரில் விமான நிலையம் இல்லை என்பதால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதை நம்புகிறார்கள். தேரோட்டத்தன்று தேர் நிலைக்கு வரும்வரை நான்கு வீதிகளிலும் வண்டி நுழையாது என்பது அவர்களுக்குத் தெரியாது. அன்பரசுக்குத் தெரியும்.

கடந்த ஆனித் தேரன்று பிரீதா என்ற ஹைதராபாத் பெண்மணி அந்தக் காருக்காக லாட்ஜ் வாசலில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மறுநாள் காலை அவருடைய தாயாருக்கு அறுவை சிகிச்சை. போன் செய்யும்போதெல்லாம் டிரைவர், "தோ வந்துட்டேன் மேடம், திருப்பத்துலதான் நிக்கறேன்" என்றே சொன்னார். பிறகு நானும் பிரீதாவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்தோம். அதற்குள் விமானம் போய்விட்டது.

அதன் பிறகு நான் என் தந்தையுடன் அன்பரசிடம் சென்று, தேர் நாளைப் பற்றி போர்டில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டேன். அவர் பக்கத்தில் நின்ற என் தந்தையைப் பார்த்து, "இன்னா மச்சான், உம் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தியா இருக்கு. பிளைட்டுல போறவங்கள உன் ஆட்டோல ஏத்தப் பாக்குறியா?" என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். என் தந்தை என்னை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

அதன் பிறகு, நேற்று மார்கழித் தேரன்று விடியற்காலையில், வாசலில் கோலம் போட்டு முடித்தபின் மீதமிருந்த பச்சரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து எடுத்துப் போய் அந்த போர்டின் மேல் எழுதினேன். "தேர் நாளில் இங்கே கார் வராது. விமானத்துக்குப் போகிறவர்கள் இப்போதே பஸ் நிலையத்துக்கு நடந்து போய் பாண்டி பஸ் ஏறவும்." இவ்வளவுதான் எழுதினேன். படித்துவிட்டுச் சிலர் பெட்டியுடன் நடந்தார்கள்.

அதன் பிறகு அன்பரசு, தொழில் போட்டியில் என் தந்தை பெயின்ட் அடித்து போர்டைப் பாழாக்கியதாகப் புகார் கொடுத்தார். காவலர்கள் கேட்டபோது என் தந்தை, "நாந்தாங்க எழுதுனேன்" என்று சொல்லிவிட்டார். அது பொய். அந்த நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யால் அவர் நேற்றிலிருந்து ஸ்டேஷனில் இருக்கிறார்.

போர்டில் உள்ள எழுத்தையும் இந்த வாக்குமூலத்தின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளவும். பிறகு ஒரு குடம் தண்ணீர் ஊற்றவும். போர்டு பழையபடி ஆகிவிடும். பிரீதா தவறவிட்ட விமானம் அப்படித் திரும்பவில்லை.

உதவி ஆய்வாளர் அம்மா என்னிடம், "தெரியாம செஞ்சுட்டேன், வருத்தப்படுறேன்னு ஒரு வரி போட்டுடு கண்ணு, அப்பா இப்பவே வந்துடுவாரு" என்றார். நான் தெரிந்தேதான் செய்தேன். எனவே அந்த வரியை எழுதவில்லை. அன்பரசு போர்டில் தேர் நாளைப் பற்றிய அந்த ஒரு வரியைச் சேர்க்காவிட்டால் அடுத்த ஆனித் தேரன்றும் எழுதுவேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் பார்த்ததும் செய்ததும். என் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவரும் எதையும் அடிக்கச் சொல்லவில்லை.

(ஒப்பம்) ஜெ. இளமதி