இடப்பக்கத்து ஸ்பிரிங்

ரஸ்க் நமுத்துப் போனால் மழையின் மீது பழி போடுவது உலக வழக்கம். ஐயா, மழைக்கு அதில் பங்கு மிகக் குறைவு. உறை செவ்வனே ஒட்டியிருந்தால், பொதியைக் கிணற்றில் போட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தாலும் உள்ளே ரஸ்க் மொறுமொறுவென்றே இருக்கும். ஒரு ரஸ்க் ஆலையின் மெக்கானிக்காக அந்த ஒட்டுதலைப் பத்தொன்பது ஆண்டுகள் காத்து வந்தவன் நான்.

பொதி சுற்றும் இயந்திரத்தில் உறையின் முனைகளைக் கடித்து ஒட்டுபவை, தாடைகள் எனப்படும் இரண்டு இரும்புக் கட்டைகள். நல்ல ஒட்டுக்கு வேண்டியவை சூடு, அழுத்தம், நேரம் ஆகிய மூன்றுமே. கீழ்த்தாடையின் அடியில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு ஸ்பிரிங்குகள் உண்டு. அழுத்தம் தருபவை அவையே.

சென்ற மாதம் பொதிகள் கடைகளிலிருந்து திரும்பி வரத் தொடங்கின. தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தபோது இடது மூலையிலிருந்து குமிழி எழுந்தது. சூட்டைக் கூட்டினேன், உறை கருகியது. வேகத்தைக் குறைத்தேன், குமிழி நிற்கவில்லை. அப்போதுதான் என் மனைவியின் தம்பி வந்து குனிந்து பார்த்தான். அவனும் அதே ஆலையில் மெக்கானிக். அவனை அங்கே சேர்த்துவிட்டவனும் நானே.

"அத்தான், இடப்பக்க ஸ்பிரிங் செத்துப்போச்சு. அடியில வாஷரை வெச்சு முட்டுக் குடுத்து ஓட்டியிருக்கீங்க."

"அது இன்னும் பத்து வருஷம் உழைக்கும்டா. நீ உன் வேலையைப் பாரு."

"உங்க பல்செட்டு மாதிரிதான் இருக்கு அத்தான். பாக்க ஜோரா இருக்கு, கடிச்சாத்தான் பிடிமானம் இல்ல."

பொதி அடுக்கும் பெண்கள் சிரித்தனர். நானும் சிரித்தேன். சிரித்தபோது கையால் வாயை மூடிக்கொண்டேன் என்பதை வீடு திரும்பிய பிறகே உணர்ந்தேன்.

மேலாளர் நியாயமானவர். மறுநாள் கார்பன் தாள் சோதனை செய்து காட்டுமாறு இருவரையும் பணித்தார். அழுத்தம் உள்ள இடத்தில் மட்டுமே தாளில் கரி பதியும்; இடது மூலையில் பதிவு விழாவிட்டால் தாடைகளின் பொறுப்பு மைத்துனனுக்கு. நான் அட்டைப்பெட்டி மடிக்கும் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

அச்சோதனை எளியது. மோட்டாரை நிறுத்திவிட வேண்டும்; தாடைகள் சூடாகவே இருக்க வேண்டும், ஏனெனில் சூட்டில்தான் இரும்பு உண்மை பேசும். ஒருவர் தாடைகளுக்கிடையே தாளை வைப்பார். மற்றவர் கைச்சக்கரத்தைச் சுற்றி அவற்றை மூடுவார். தாள் வைப்பவர் "கை வெளிய" என்று சொல்லும்வரை சக்கரம் அசையக் கூடாது. இவ்விதியை அந்த ஆலையில் ஏற்படுத்தியவன் நான்.

பெண்கள் தேநீருக்குச் சென்றிருந்தனர். மேலாளர் இன்னும் வரவில்லை. அவன் வலக்கையில் டார்ச் விளக்கைப் பிடித்தபடி, கையுறை அணிந்த இடக்கையை உள்ளே நீட்டினான்.

"இருங்க அத்தான், தாளு நழுவுது."

கையில் எண்ணெய் இருந்ததால் சக்கரம் தானாக வழுக்கியது எனத் தங்கள் காவல் நிலையத்தில் முன்னர் எழுதிக் கொடுத்தேன். அது பொய். அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கால் சுற்றுச் சுற்றினேன்.

சோதனையின்போது மூன்று வரை எண்ணுவது வழக்கம். நான் பன்னிரண்டு வரை எண்ணினேன். சக்கரத்தை விடும்படி அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒன்பதாம் எண்ணில், அத்தான் என்று அழைப்பதை நிறுத்திவிட்டு அக்காவை அழைத்தான். அவள் அப்போது வீட்டில் இருந்தாள்.

மருத்துவமனை நடையில் என் மனைவி அழவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏங்க, அந்தச் சக்கரத்தைத் திருப்பிவிட எவ்வளவு நேரம் ஆகும்?"

அவளிடம் கூறாததைத் தங்களுக்குக் கூறுகிறேன்: கண் இமைக்கும் நேரம்.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். சிறுவிரல் மட்டும் நசுங்கவில்லை. கொப்புளம் தவிர அதற்கு ஊறு ஏதுமில்லை. அது தாடையின் இடது மூலையில் இருந்ததாம். அங்கே அழுத்தம் இல்லாததால்தான் தப்பியது, ஆகவே மைத்துனன் சொன்னதே சரி என்று மேலாளர் தம் அறிக்கையில் எழுதியிருப்பதாக அறிகிறேன்.

அந்த மூன்று விரல்களைப் பற்றித் தாங்கள் எதை எழுதினாலும் கையொப்பமிடுகிறேன். மேலாளரின் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. ஸ்பிரிங்கில் குறையில்லை. அந்த விரலை அவன் முன்னரே இழுத்திருப்பான்.