ஈரச் சாக்கு

பழைய வீட்டை இடிக்கும்போது தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்தால் தூசி பறக்கும், அதிகமாகத் தெளித்தால் காலடியெல்லாம் சேறாகிவிடும். அந்தப் பக்குவம் பழகப் பழகத்தான் வரும். நான் மேற்பார்வை பார்த்த இடங்களில், பக்கத்து வீட்டு ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாலையில் கிளம்புவேன். விரலில் வெள்ளை ஒட்டினால் அன்றைக்குச் சோறு இறங்காது. சத்தமும் அப்படித்தான். மரச்சட்டங்களை மேலிருந்து போட விடமாட்டேன். கயிறு கட்டித்தான் இறக்கவேண்டும். கம்பி அறுக்கும் இடத்தைச் சுற்றி ஈரச் சாக்கு தொங்கும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஈரச் சாக்கு போதும் என்று ஆட்களிடம் விளையாட்டாகச் சொல்வேன்.

ஆனாலும் இந்த வீட்டில் ஆரம்பத்திலேயே புகார் போய் வேலை நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. எங்கள் சத்தத்தில் அது தூங்கவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“இன்னொரு தடவை அந்த வீட்டுலேர்ந்து புகார் வந்தா, நீங்க வரவேண்டாம்.”

நான் அந்தப் பெண்ணிடம் நேரில் போய்ப் பேசினேன். மதியம் குழந்தை தூங்கி எழும்வரை ஒரு சத்தமும் வராது என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை.

அன்று மதியம் ஆட்கள் முன்பக்கத்துக் கொட்டகையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். என் மனைவியின் தம்பிக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாது. ஆள் நல்ல பருமன். அதனால் எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுவார்கள். பின்அறை ஜன்னலைச் சத்தமில்லாமல் கழற்றச் சொன்னேன். கழற்றினான். அந்தச் சட்டத்தின்மேல்தான் சுவர் நின்றிருக்கிறது. சுவரும் கூரையில் ஒரு துண்டும் அவன்மேல் இறங்கிவிட்டன.

கொட்டகையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். சுவர்தான் விழுந்தது, போய்ப் படுங்கள் என்றேன். பக்கத்து வீட்டுப் பெண் மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க இது, இப்பதான் கண்ணு அசந்தான்.”

“மண்ணு சரிஞ்சிடுச்சும்மா. இனிமே சத்தம் வராது.”

இடிபாட்டில் ஒரு சந்து இருந்தது. அதன் வழியாக ஒல்லியின் முகம் தெரிந்தது.

“மாமா, இடுப்புக்குக் கீழ மாட்டிக்கிச்சு. மண்ணள்ளுற மெஷினைக் கூப்பிடுங்க.”

“மெதுவா பேசு. குழந்தை தூங்குது.”

“சரி மாமா,” என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

மரியாதை தெரிந்த பிள்ளை. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பிறகு வலி கூடியிருக்கவேண்டும். அக்காவைக் கூப்பிட்டுக் கத்தத் தொடங்கினான். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. நான் ஒரு சாக்கை நனைத்துச் சந்தில் செருகினேன். போதவில்லை. இன்னொன்றையும் செருகி, ஓரங்களில் ஈர மண்ணை அப்பினேன். தூசியும் அடங்கியது. ஜன்னல் மூடிக்கொண்டது. நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மனதில் எதுவும் ஓடவில்லை. கையிலிருந்த சேறு காய்ந்து உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை விழித்து அழுததும் மெஷினைக் கூப்பிட்டேன். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட நான் தாமதிக்கவில்லை.

வீட்டில் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவன் ஏதாவது சொன்னானா?”

உன்னைத்தான் கூப்பிட்டான் என்றேன். அவளிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

சுவர் விழுந்தபோதே அவன் போய்விட்டான் என்று நான் நினைத்ததாகச் சொல்லச் சொல்கிறார் வக்கீல். நல்ல மனிதர். ஆனால் வேலை தெரிந்தவன் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துதான் அடைத்தேன். செத்தவனுக்கு எதற்குச் சாக்கு?