பாண்டான் பச்சை மினி

முனீரா: மச்சான்… சாவி எங்க?

நசீர்: எந்தச் சாவி?

முனீரா: வீட்ல எத்தன வண்டி இருக்கு? மினி கார் சாவிதான். ராத்திரி டிவி பக்கத்துலதான் வச்சேன்.

நசீர்: நல்லாத் தேடிப் பாரு. கண்ணு முன்னாடியே இருக்கும்.

முனீரா: என் கண்ணப் பத்தி ஏன் பேசுறீங்க?

நசீர்: உன் கண்ணப் பத்தி யார் பேசினா? சாவியப் பத்தி… டீ போடட்டா?

முனீரா: பேச்ச மாத்தாதீங்க. பதினோரு மணிக்கு மார்சிலிங்ல இருக்கணும். நம்ம மக, அவ மாமியார் வீட்டு ஆளுங்களையெல்லாம் கார்பார்க்ல நிக்க வச்சிருக்கா. எங்க உம்மா கட்டுன கார் வருதுன்னு ஊருக்கே சொல்லிட்டா.

நசீர்: எம்ஆர்டி ரயில்ல போவோம்லா. ஞாயித்துக்கிழம கூட்டம் இருக்காது.

முனீரா: ரிட்டயரான நாள்லேர்ந்து போர்ச்சுலயே கிடந்து, ரெண்டு ஓட்ட மினிய ஒண்ணா ஒட்டி, துருவச் சுரண்டி, பெயிண்ட் அடிச்சு… எம்ஆர்டில போகவா?

நசீர்: மழ வேற வரும்போல இருக்கு.

முனீரா: வெயில் மண்டையப் பொளக்குது!

அழகேசன்: ஹலோ! கேட்டு தொறந்தே கிடக்கு… என்னலா, சுவா சூ காங் ஏரியா முழுக்கச் சத்தம் கேக்குது?

முனீரா: வாங்கண்ணே. இன்னிக்கு மொத ஓட்டம். இவங்க சாவிய ஒளிச்சு வச்சிட்டாங்க.

நசீர்: ஒளிச்சேன்னு நான் சொன்னேனா?

அழகேசன்: நசீர் பாய், உங்க பொண்டாட்டியும் நானும் எத்தன வருஷம் ஒரே ஒர்க்‌ஷாப்புல பசங்களுக்கு எஞ்சின் பிரிச்சுக் காட்டியிருப்போம்? ஒரு ஸ்பேனர் காணலன்னா மொத்த கிளாசையும் வீட்டுக்கு விடமாட்டாங்க. அவங்ககிட்டயே சாவிய ஒளிக்கிறீங்களே… தைரியம்தான்.

நசீர்: நீங்க வண்டியப் பாருங்க மொதல்ல.

அழகேசன்: அடேங்கப்பா… பச்சைன்னா இது பச்சை! பாண்டான் எலை போட்ட கேக்க வெட்டி வச்ச மாதிரில்ல இருக்கு. தங்கச்சி, அசத்திட்டீங்க. உக்காந்து பாக்கவா?

முனீரா: உக்காருங்க. ஷூவக் கழட்டிட்டு.

அழகேசன்: கார்லயா?

முனீரா: புதுக் கார்ப்பெட்டுண்ணே.

அழகேசன்: சரி சரி… ஆங்… ஸ்டியரிங் நல்லாருக்கு… அய்யோ! கிளட்ச் எங்க?

முனீரா: இல்ல.

அழகேசன்: இல்லன்னா?

முனீரா: ஆட்டோ கியர். ஈப்போ ஊர்ல ஒரு பழைய சாமான் கடையில கெடச்சுச்சு. எஞ்சினையே இறக்கி மாத்திட்டேன். இன்ஸ்பெக்‌ஷனும் பாஸ்.

அழகேசன்: மினில போய் ஆட்டோவா! பிரியாணிய முள்கரண்டியில சாப்பிடச் சொல்றீங்களே… கிளட்ச மிதிச்சு, கியரத் தள்ளி, அந்தச் சொகத்துக்குத்தானே இந்த வண்டி? ஆட்டோ ஓட்டுறவன் டிரைவர் இல்லடா, பேசஞ்சர்னு பசங்களக் கேலி பண்ணது யாரு? நீங்கதானே?

முனீரா: முட்டி வலிண்ணே.

நசீர்: எந்த முட்டி?

முனீரா: …ரெண்டும்.

நசீர்: நேத்துகூட மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறுன?

முனீரா: அது நேத்து.

அழகேசன்: சீட்டும் சரியில்லையே. இவ்ளோ பின்னாடி தள்ளி போல்ட் போட்டிருக்கீங்க. எனக்கே பிரேக் எட்டல. நீங்க எப்படி மிதிப்பீங்க? படுத்துக்கிட்டா?

முனீரா: அளவு… கொஞ்சம் பெசகிடுச்சு.

அழகேசன்: உங்களுக்கா? அளவா?

நசீர்: கேட்டீங்களா அழகேசன்? இவளுக்கே அளவு பெசகுதாம். நானும் அதத்தான் சொல்றேன்.

முனீரா: என்ன சொல்றீங்க? தெளிவாச் சொல்லுங்க.

நசீர்: தேக்காவுல, மீன் கடையில, இடது பக்கம் நின்ன அம்மாவ இடிச்சியே…

முனீரா: மார்க்கெட்னா இடிக்கத்தான் செய்யும்.

நசீர்: சமையக்கட்டு நிலையில தெனமும் இடது தோள் இடிக்குது. அந்த நிலை என்ன, மார்க்கெட்டா? நான் இடது பக்கமா வந்து உக்காந்தா தூக்கிவாரிப் போட்டுத் திரும்புற. கட்டுன புருஷனப் பாத்து!

முனீரா: நீங்க சத்தமில்லாம பூன மாதிரி வர்றீங்க.

நசீர்: கண் டாக்டர் என்ன சொன்னாரு முனீரா?

முனீரா: கண்ணாடி மாத்தச் சொன்னாரு.

நசீர்: மாத்துனியா?

முனீரா: …அழகேசண்ணே, டீயா காப்பியா?

அழகேசன்: நான் வேணா… அப்புறமா வரட்டா?

நசீர்: போகாதீங்க. நீங்களும் கேளுங்க. எனக்குப் பயமா இருக்கு. சொல்லிட்டேன். இந்த வண்டிக்குக் கதவுன்னு இருக்கிறது வெறும் தகரம். இடது பக்கம் ஒரு லாரி வர்றது இவளுக்குத் தெரியலன்னா… நெனச்சா தூக்கம் வரல. சாவிய என்னால குடுக்க முடியாது. நீ கோவிச்சுக்க, ஒரு மாசம் பேசாம இரு, பரவால்ல. முழுசா இரு, அது போதும்.

முனீரா: அப்ப வண்டி இங்கயே நிக்கட்டுங்கிறீங்களா? துணியப் போட்டு மூடி, வர்றவங்க போறவங்களுக்குத் தொறந்து காட்டிக்கிட்டு?

நசீர்: நிக்க வேணாம். ஓடட்டும்.

முனீரா: யார் ஓட்டுவா? அண்ணனா? மார்சிலிங் போற வரைக்கும் கிளட்ச் எங்க, கிளட்ச் எங்கன்னு பொலம்பிக்கிட்டே வருவாரு.

நசீர்: வேற ஆள் இருக்கு.

அழகேசன்: யாரு பாய்? மருமகனா?

நசீர்: இல்ல… மொதல்ல யாரும் சிரிக்கக் கூடாது.

அழகேசன்: சத்தியமா சிரிக்கல.

நசீர்: நான்தான்.

அழகேசன்: ஹஹ்ஹஹ்ஹா!

நசீர்: பாத்தியா முனீரா? சத்தியம் பண்ணாரு!

அழகேசன்: மன்னிச்சுக்குங்க பாய்… முடியல. வாலிப வயசுல டெஸ்ட்டுக்கு மேல டெஸ்ட்டா ஃபெயிலாகி, இனி ஸ்டியரிங்கத் தொட்டா ஏன்னு கேளுன்னு சொன்ன ஆளு நீங்க. அன்னிலேர்ந்து பழைய காரு இருந்த வரைக்கும் ஜவுளிக்கட வேலைக்கு உங்களக் கொண்டுபோய் எறக்கிவிட்டது தங்கச்சிதானே?

நசீர்: அதெல்லாம் பழைய கத. இந்தாங்க, போனப் பாருங்க. நேத்துதான் பாஸ்.

அழகேசன்: லைசென்ஸ்! அட… போட்டோ வேற. நெசமாவே நசீர் பாய்தான்.

நசீர்: புக்கிட் பாத்தோக் பார்க்குல நடக்கப் போறேன்னு சொன்னதெல்லாம் பொய் முனீரா. கிளாசுக்குத்தான் போனேன். வாத்தியாரு சின்னப் பையன். 'அங்கிள், பிரேக்! அங்கிள், பிரேக்!' இதத் தவிர அவன் வேற ஒண்ணும் பேசி நான் கேக்கல.

அழகேசன்: வீட்ல சொல்லியிருக்கலாமே?

நசீர்: மறுபடியும் ஃபெயிலானா இவ மூஞ்சில எப்படி முழிக்கிறது? அதோட… நீ ஓட்டாதன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு தகுதி வேணாமா? வெறுங்கையோட வந்து ஓட்டாதன்னு சொன்னா, அவ சந்தோஷத்தப் பிடுங்குன மாதிரி ஆயிடாது?

அழகேசன்: இருங்க பாய்… இதுல த்ரீ ஏன்னு போட்டிருக்கு. ஆட்டோ கியர் மட்டுந்தான் நீங்க ஓட்டலாம்.

நசீர்: கிளட்ச் எனக்கு இந்த ஆயுசுல வராதுங்க.

அழகேசன்: ஆட்டோ மட்டும்… ம்ம்… தங்கச்சி, முட்டி வலின்னீங்க?

முனீரா: சொன்னேன்.

அழகேசன்: ரெண்டும்?

முனீரா: ரெண்டும்.

அழகேசன்: பாய், நீங்க நல்ல நெட்டையான ஆளு. இந்தச் சீட்டுல வந்து உக்காருங்க.

நசீர்: எதுக்கு?

அழகேசன்: உக்காருங்கலா! செருப்பக் கழட்டிட்டு.

நசீர்: சரி… அட… கால் சரியா இருக்கே! பிரேக்கும் எட்டுது. கண்ணாடில ரோடு முழுசாத் தெரியுது… முனீரா?

முனீரா: சொல்லுங்க.

நசீர்: சீட்டுக்கு அடியில காலுல என்னமோ தட்டுது. இது என்ன, முக்கோணமா… பி பிளேட்டா? புது டிரைவர் ஒட்டுறதுதானே இது?

அழகேசன்: நேத்துதானே பாஸ் ஆனீங்க? அதுக்குள்ள யார் வாங்கினா?

முனீரா: சாவி எங்க மச்சான்? இப்பவாவது சொல்லுங்க.

நசீர்: என் தொப்பிக்குள்ள. காலையிலேர்ந்து மண்டையில குத்துது… அது கிடக்கட்டும். இந்தச் சீட்டு யாரு அளவு?

முனீரா: வேற யாரு அளவு? நீங்க சோபாவுல குறட்ட விட்டுத் தூங்குறப்ப அளந்தேன். தேக்காவுல டிராலியத் திருப்புறதுக்கு முன்னாடி இந்தத் தோளுக்கு மேல ஒரு தடவ, அந்தத் தோளுக்கு மேல ஒரு தடவ திரும்பிப் பாத்தீங்க பாருங்க… நீங்க வண்டி ஓட்டக் கத்துக்கிறீங்கன்னு அன்னிக்கே எனக்கு வெளங்கிடுச்சு. மறுநாளே ஈப்போவுக்குப் போன் போட்டு ஆட்டோ கியருக்குச் சொல்லிட்டேன். சாவி, சாவின்னு கேட்டுக்கிட்டே இருந்தா உங்க வாயிலேர்ந்து உண்ம தானா வரும்னு பாத்தேன். என் வாயிலேர்ந்துதான் வரல. டாக்டர் இனிமே ஓட்டவே கூடாதுன்னுட்டாரு மச்சான்… சரி, நேரமாச்சு. பிளேட்ட ஒட்டிட்டு வண்டிய எடுங்க. அழகேசண்ணே, நீங்க பின்னாடி ஏறுங்க. இடது பக்கம் கேட்டுத் தூண் இருக்கு, மச்சான். எனக்கு அது தெரியல… நீங்க பாத்து எடுங்க.