சுதி சேர்ந்த அடக்கப் பாட்டு

…ஆஸ்பத்திரிக்குச் சீக்காளியப் பாக்க வந்தவளுவ பாடுத பாட்டா மாமி இது? நீங்களே சொல்லுங்க! பாளையங்கோட்டை சபைப் பொம்பளைய எல்லாம் வெள்ளச்சேலையக் கட்டிட்டு வந்து, என் கட்டிலச் சுத்தி நின்னு பாடுனாளுவ பாருங்க… அடக்கப் பாட்டு! பெட்டியக் குழிக்குள்ள எறக்கும்போது பாடுவோம்லா, அது! நான் உசுரோட கண்ண உருட்டிக்கிட்டுல்லா கெடக்கேன்! ஏட்டி கெசியா, வேற பாட்டே இல்லையாட்டின்னேன். 'இன்பமணி டீச்சர், போன மாசம் செத்த தேவதாசன் சார் அடக்கத்துக்கு நாலு குரல்ல இதத்தான் பழகுனோம், இதுதான் சுதி சேருது'ங்கா. சுதி சேருதாம்! சிரிச்ச சிரிப்புல இடுப்புல போட்ட தையல் பிரிஞ்சிரும்னு ஆயிட்டு. ரெண்டாங்குரல் தப்பாப் போச்சா… பொறுக்க முடியாம நானும் சேந்து பாடிட்டேன்னு வச்சுக்கிடுங்க.

ம்ம்? சிரிச்சியளா? இல்லியா… சரி சரி.

எம் மவன் எஸ்றா பம்பாயிலேருந்து கேசட்டு அனுப்பிருக்கான். நோயாளிக்குத் தெம்பு சொல்லுத கேசட்டாம். 'நீங்கள் ஒரு மலர். விரியுங்கள்!'ங்கான் ஒருத்தன். பென்ஷன் வாங்குத வயசுல, இடுப்பெலும்ப ஒடிச்சுக்கிட்டு எங்கிட்டு விரிய? அப்பவே டேப்பு சிக்கிட்டு. பென்சில விட்டுச் சுத்தி எடுத்துப் போட்டா, அவன் எரும கணக்கா 'ம்மாஆ'ங்கான்! இப்பத்தான் கேக்க நல்லாருக்கு. தெனமும் போடுதேன்.

நீங்க ஏன் மாமி பக்கத்துக் கட்டில்ல சுவத்தையே பாத்துட்டுப் படுத்திருக்கிய? கல்லிடைக்குறிச்சியில அப்பளம் இடும்போது ஒங்க சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேக்கும்னு ஒங்க மருமக சொன்னாளே! ரெண்டு பேருக்கும் ஒரே எலும்பு, ஒரே டாக்டர். இன்னைக்குக் கால ஊணலன்னா மூட்டு இறுகிரும், பொறவு படுக்கதான்னு காலைல நம்ம ரெண்டு பேரையுந்தானே ஏசிட்டுப் போனாரு?

நானா? எனக்கென்ன பயம்! வாக்கர் ஆடுது, அதான். நேத்து தரை ஈரம். அதுக்கு முந்துன நாளு கெசியா கோஷ்டி. நாளைக்கு ஜம்முனு நடந்துருவேன்லா! நீங்க இன்னைக்கே எந்திரிங்க. மனசு தெம்பா இருக்கணும் மாமி, மனசு! ஒங்களுக்காவ வேணா அந்த அடக்கப் பாட்ட ஒருக்கா பாடிக் காட்டுதேன், மூணு சரணந்தான்…

ஏன், ஏன் எந்திரிக்கிய? மாமி! கால ஊணிட்டிய! வாக்கரப் பிடிச்சிட்டிய! ஏசப்பா… ஏ நர்ஸுப் பிள்ள, ஓடியா, மாமி நடக்காவ!

பைய, பைய! அங்கன எங்க, வராந்தாவுக்கா? நில்லுங்க மாமி, ரெண்டாஞ்சரணத்துலதான் நல்ல எடமே வரும்! நீங்களும் போயிட்டா நான் ஆருட்ட பேச? இந்தக் கேசட்டு எருமக்கிட்டயா?

ஏ பிள்ள, எனக்கும் ஒரு வாக்கர் கொண்டா! ஆடுனாலும் சரி. அந்தச் செருப்ப இங்கன தள்ளு. ஆண்டவரே, கட்டில் கம்பிய விட மனசு வரமாட்டேங்குதே… பயந்தான் மாமி, இத்தன நாளும் பயந்தான், ஈரமும் இல்ல ஒரு எழவும் இல்ல! …ஊணிட்டேன். ஊணிட்டேன் மாமி!

இரிங்க, வாரேன்! பாட்டு இன்னும் முடியல!