கடைசிச் சங்குக்கு முன்

இரண்டு காதுக்கும் சேர்த்து மாதம் முப்பத்தெட்டு ரூபாய். எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று செவிடான கலியமூர்த்திக்கு ராணுவம் போட்ட விலை அதுதான். சேத்தியாத்தோப்புச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்த என் அப்பாவிடம் விட்டிருந்தால் நாற்பதுக்குக் குறைத்து முடித்திருக்கமாட்டார்.

நானும் பட்டாளத்துக்காரன்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. சண்டை நடந்தபோது இந்தப் பன்னீர்செல்வம் பரேலியில் பருப்பு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். அதையும் ஒருவன் செய்தாக வேண்டுமல்லவா? ஊர் திரும்பியபின் நெய்வேலிக்கு வெளியே ஒரு கான்ட்ராக்டரின் கல் குவாரியில் நானும் கலியமூர்த்தியும் காவலுக்குச் சேர்ந்தோம்.

அவனுக்குச் சந்தை பாஷை சொல்லிக்கொடுத்தவன் நான். தரகர்கள் மாட்டு விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். கையை முழுதாகப் பிடித்து அழுத்தினால் பேரம் முடிந்தது. குவாரியில் வெடி வைக்கும்போது அதையே வைத்துக்கொண்டோம். முதல் சங்கு ஊதினால் அவனுடைய ஒரு விரலைப் பிடிப்பேன். இருவரும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் குந்திவிடுவோம். எல்லாம் வெடித்துக் கடைசிச் சங்கும் ஊதியபின் முழுக் கையையும் அழுத்துவேன். அவன் போய்ச் சிவப்புக் கொடியை இறக்குவான்.

முன்னாள் ராணுவத்தினருக்கு வேலையும் இடமும் சிபாரிசு செய்ய அரசு ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. நாற்காலிகள் பூராவும் அதிகாரிகளுக்கு, ஒன்று மட்டும் எங்களுக்கு. போன வருடம் அது காலியானது. அதற்கு அவனும் நானும் போட்டியிட்டோம். எங்கள் கூட்டத்தில் எழுந்து, காது கேளாதவனை அனுப்பினால் அங்கே பேசுவது நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நியாயமான கேள்வி. யாரோ அதை எழுதிக் காட்ட, கலியமூர்த்தி சிரித்தான்.

"அதிகாரிங்க சொல்றதக் கேட்டுக்கினுதான இதுவரிக்கும் போனவன்லாம் தலையாட்டிட்டு வந்தான்? எனக்குத்தான் கேக்காதே. நம்ம பாட்டைப் பேசிட்டு வந்துருவேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் கைகள் அவனுக்கு உயர்ந்துவிட்டன. வெளியே வந்து என் தோளில் கை போட்டான்.

"பன்னீரு, நீயும் வா. எங் கையப் புடிச்சிக்கினு பக்கத்துல குந்து. டீயும் பிஸ்கோத்தும் உனக்குந்தான் குடுப்பாங்க."

எனக்குக் கோபமில்லை. கோபத்தோடு பேரத்துக்கு உட்காரக்கூடாது என்று வளர்ந்தவன். விதியை மட்டும் விசாரித்து வைத்துக்கொண்டேன்: தேர்வானவர் இல்லாமல் போனால் அடுத்து அதிகக் கை வாங்கியவர். அது நான்.

வெடி வைத்த ராஜேந்திரனைச் சந்தேகப்பட்டு வாராவாரம் கூப்பிட்டு உட்காரவைக்கிறீர்கள். அவனை விட்டுவிடுங்கள். சங்கு சரியாகத்தான் ஊதியது. கலியமூர்த்தியின் மனைவி கஸ்தூரியம்மாளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. சடலத்தின் பக்கத்தில் இருந்துகொண்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"ஒங்க கை சொல்லாம அவுரு ஓரடி நவுர மாட்டாருங்களே, அண்ணா."

நான் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஒரு வரிசை வெடித்திருந்தது. இன்னொரு வரிசை பாக்கி. ஆச்சா என்று கேட்பதுபோல் கையை நீட்டினான். முழுக் கையையும் அழுத்தினேன். எழுந்து கொடியைப் பார்த்து நடந்தான். நான் தள்ளவில்லை, ஐயா. தொட்டதுகூட அந்தக் கையை மட்டும்தான்.

இப்போது அந்த நாற்காலியில் நான் இருக்கிறேன். அவன் பேசிவிட்டு மட்டும் வந்திருப்பான். நான் வாங்கிக்கொண்டு வந்தேன். கான்ட்ராக்டில் கிடந்த ஐந்து பேர் பெர்மனென்ட் ஆனார்கள். கால் போன ஒருவருக்குப் பெட்டிக்கடை இடம். கஸ்தூரியம்மாளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. ஆக ஏழு குடும்பம். எதிரே ஓர் ஆள். எந்தச் சந்தையிலும் இதை நஷ்டம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த அம்மாள் உத்தரவைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் இப்போதைக்கு ஆறு. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி அவரை வாங்கிக்கொள்ள வைத்தால் என் கணக்கு நேராகிவிடும்.