லூர்துராணியின் சரியான குரல்

நாவல்களின் கடைசி அத்தியாயத்தை நான் படிக்கிற வழக்கமில்லை, இன்ஸ்பெக்டர் ஸார். வாங்கிய அன்றே கிழித்துவிடுவேன். நம் ஆசிரியர்களுக்குக் கதையை ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. கதாநாயகிக்குக் கல்யாணத்தைப் பண்ணி, நமக்கும் இலை போட்டு அனுப்பிவிடுவார்கள். டாக்கிப் படத்துக்குப் போனாலும் கதாநாயகன் காட்டுக்குப் போகிற வரைதான் உட்காருவேன். அதற்கு மேல் கரடி வரும்.

கலைஞனுக்குத் தன் வேலையில் எது உசத்தி என்று தெரியாது. ரசிகனுக்குத்தான் தெரியும். ஸ்ரீரங்கத்தில் இதை முதலில் சொன்னவன் நான். பிற்பாடு என் சிநேகிதர் கோபு தன் சரக்கு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் கிராமபோன் கேட்கக் கூடுவோம். பிளேட்டு ஓய்ந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். இந்தச் சக்ரபாணி கண்ணைத் திறந்தால்தான், கேட்டது நன்றாக இருந்ததா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்படி நாங்கள் கொண்டாடியது மிஸ் மணப்பாறை லூர்துராணியின் பிளேட்டை. நாடகக் கம்பெனிப் பெண். ஒரே ஒரு பிளேட்டுதான் கொடுத்திருந்தாள். ஆறு கட்டைச் சுருதியில் குரல் வெள்ளிக் கம்பி மாதிரி நிற்கும். முடிவில், பழைய பிளேட்டுகளில் செய்வதுபோல, தன் பெயரைத் தானே சொல்லுவாள். குருவி கொத்தினது போலிருக்கும். அதற்காகவே ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறேன். ‘ஆறு கட்டையும் ஆத்ம விசாரமும்’ என்று சபாவில் அவள் குரலைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்தேன். அச்சிலும் வந்தது. யாருக்கும் புரியவில்லை என்பதால் நல்ல பெயர்.

பிறகு அந்தக் கம்பெனி திருச்சிக்கு வந்து மார்க்கெட் பக்கம் கொட்டகை போட்டது. நாங்கள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தோம். அவள் வாயைத் திறந்தாள். ஐந்து கட்டை. கனத்த, சதைப்பற்றுள்ள குரல். ஜனங்கள் விசிலடித்தார்கள். கோபு மேடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“என்ன ஓய், ஒரு கட்டையைக் காணோமே?” என்றார்.

“ஊர் ஊராகப் பாடிக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். மீட்டுவிடலாம்” என்றேன். அப்படிச் சொன்ன பிறகு மீட்காமல் இருக்க முடியுமா?

கம்பெனி கொழும்புக்குப் புறப்படுகிற சமயம். புதுப் பிளேட்டுக்கு ஏற்பாடு செய்கிறேன், ஒத்திகைக்கு வா என்று சொல்லியனுப்பினேன். கொள்ளிடக் கரைக்குக் கீழே, ஆற்றுப்படுகையை ஒட்டி, எனக்கு ஒரு வாழைத் தோட்டமும் அதில் ஒரு வீடும் உண்டு. தகரப் பெட்டியோடு சந்தோஷமாக வந்தாள். அவளை உட்கார வைத்து அவள் பிளேட்டையே போட்டுக் காட்டினேன். பாதியிலேயே சிரித்துவிட்டாள்.

“ஐயா, உங்க பொட்டி வேகமா ஓடுதுங்க. இது நானே இல்ல, சுண்டெலி பாடுற மாதிரி இருக்கு.”

“பெட்டி ஜெர்மன் சாமான்” என்றேன்.

“ஜெர்மன் பொட்டிக்கும் வேகத்துக்குத் திருகு இருக்குமில்ல? கொஞ்சம் தளத்தி விடுங்க. நான் வந்துருவேன்.”

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டினேன். கோபம் ஒன்றுமில்லை. சாதகத்துக்குத் தனிமை வேண்டும். கம்பெனிக்காரர்கள் விசாரித்தபோது, ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். அவர்கள் கப்பலேறினார்கள்.

நிபந்தனை எளிதானது. ஆறு கட்டையில் பாடவேண்டும், பிளேட்டில் சொன்னபடி பெயரைச் சொல்லவேண்டும், அன்றைக்கே கதவு திறக்கும். தினமும் சுருதிப் பெட்டியோடு ஜன்னலுக்கு வெளியே உட்காருவேன். உடம்பு மெலிந்தால் குரல் மேலே ஏறும் என்பது என் அபிப்பிராயம். முதலில் தயிரை நிறுத்தினேன், பிறகு சாதத்தை.

என் மனைவி வத்ஸலா ஒருநாள் கேட்டாள்: “ஏன்னா, வெறும் மிளகுக் கஷாயமா எடுத்துண்டு போறேளே, தோட்டத்துல யாராவது சன்னியாசி வந்திருக்காரா?”

“சாதகம் பண்றவா” என்றேன். தோட்டம் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

உடம்பு மெலிந்தது. குரல் ஏறவில்லை. பெயரும் சரியாக வரவில்லை.

“என் பேரு எனக்குச் சொல்லத் தெரியாதா சாமி?”

“தெரிந்தால் இத்தனை நாள் ஆகுமா?” என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே.

குழந்தை மாதிரி சொல்லிப் பார்த்தாள், கிழவி மாதிரி சொல்லிப் பார்த்தாள். கடைசியில், “வேற பேர் வேணும்னாலும் வச்சுக்கறேன், தொறங்க” என்றாள். கலையை அவமதிக்கிற பேச்சு. அன்று கஷாயம் கொடுக்கவில்லை.

அந்தத் திருகை ஒரு தடவையாவது தளர்த்திப் பார்த்தீரா என்று நேற்று கேட்டீர்கள். பார்த்தேன். ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, லேசாகத் திருகினேன். பெட்டிக்குள்ளிருந்து தோட்டத்தில் இருப்பவளே பாடினாள். பெயரையும் அவள் சொல்கிற மாதிரியே சொன்னாள். உடனே பழைய இடத்துக்குத் திருகி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோபு வருவார். பிரசங்கம் அச்சாகிவிட்டது. அவளை வெளியே விட்டால் திருகைப் பற்றி ஊரெல்லாம் சொல்வாள். பெட்டியைத் திருத்துவதைவிட அவளைத் திருத்துவது சுலபமாகப் பட்டது. பூட்டுக்குள் மாட்டிக்கொண்டவள் அவள் மட்டும்தான், நான் இல்லை என்று நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். எழுதுங்கள்.

ஆடியில் கொள்ளிடம் பெருகியது. படுகையில் இருப்பவர்கள் மேட்டுக்கு வரும்படி தண்டோராப் போட்டுக்கொண்டு போனார்கள். நான் போனபோது வாழைக்கு நடுவே முழங்கால் தண்ணீர். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சாமி, தண்ணி உள்ள வருது. தொறங்க.”

அப்போதும் ஐந்து கட்டைதான். மொட்டை மாடிக்குப் போகிற வெளிப்படியில் ஏறி உட்கார்ந்தேன். தண்ணீர் உயர உயர, குரலும் உயர்ந்தது. முதலில் என்னைக் கூப்பிட்டாள். பிறகு தூரத்துக் கரையில் போகிறவர்களுக்குக் கேட்கட்டும் என்றோ என்னவோ, தான் யார் என்று சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். லூர்துராணி, நான் லூர்துராணி என்று. மடியில் சுருதிப் பெட்டியை வைத்துச் சரிபார்த்தேன். ஆறு கட்டை. ஓர் இழை பிசகவில்லை. பெயரும் பிளேட்டில் உள்ளது உள்ளபடி.

சாவி இடுப்பில்தான் இருந்தது. நிபந்தனை நிறைவேறிவிட்டதே, ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். பாட்டின் நடுவே எழுந்திருப்பவன் ரசிகன் அல்ல. முடிகிற வரை இருந்தேன். முடிந்த பிறகு இறங்கிப் பார்த்தேன், பூட்டு தண்ணீருக்குள் போயிருந்தது.

அந்த ஆறு கட்டையைக் கேட்கக் கோபுவை அழைத்துப் போகாமல் இருந்துவிட்டேன். அது ஒன்றுதான், ஸார், நான் செய்த தப்பு.